மூன்று ஓம்-மீட்டர் என்று வந்தால் அது குப்பைச் சாறுதானா?

கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கித் தருகிறேன். ஊருக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிப் பன்னிரண்டு வருடமாகப் பேரூராட்சிக் குப்பை கொட்டப்படுகிறது. அங்கிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் தெருவில் மூன்று போர்களின் தண்ணீர் மஞ்சளாகி, வாடை அடிக்கிறது. "ரெசிஸ்டிவிட்டி சர்வே எடுத்துவிட்டால் குப்பையிலிருந்துதான் வந்தது என்று நிரூபித்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லி, அதற்கு விலையும் சொல்லியிருக்கிறார். (மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடைச் சோதனைதான் ரெசிஸ்டிவிட்டி சர்வே.) எடுக்கலாமா என்பது கேள்வி.

எடுக்கலாம். ஆனால் நிரூபிப்பதற்காக எடுக்காதீர்கள். எங்கே துளை போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக எடுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கீழே விளக்கப் போகிறேன். இருபது வருடமாக இந்தச் சர்வேக்குக் கம்பி அடித்துக் கொண்டிருக்கிறேன். இந்த வித்தியாசம் புரியாமல் காசைக் கொட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், நானே ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன்.

கருவி உங்களுக்குப் புதிதல்ல. போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க வருவார்களே, தேங்காய் வைத்துப் பார்ப்பவரைச் சொல்லவில்லை, நாலு கம்பி, வயர் உருளை, ஒரு பெட்டி, ஒரு பேட்டரி சகிதம் வருபவரைச் சொல்கிறேன். அவர் செய்வதும் இதேதான். வெளிப்பக்கக் கம்பிகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்னோட்டம் விடுவார். உள்பக்கக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று அளப்பார். இரண்டு கம்பி போதாதா என்று கேட்கலாம். போதாது. காய்ந்த மண்ணில் அடித்த கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலேயே ஆயிரக்கணக்கான ஓம் தடை இருக்கும். அதை அளந்தால் கம்பியைத்தான் அளந்தோம், மண்ணை அளக்கவில்லை. மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி, அளப்பதற்குத் தனி ஜோடி என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912 வாக்கில் நார்மண்டிப் பக்கம் மின்னோட்டம் விட்டு நிலத்தை வரைந்து பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915-இல் நான்கு கம்பிகளையும் சம தூரத்தில் வைக்கும் முறையை எழுதினார். நூறு வருடத்துக்குப் பிறகும் நம் ஊர்க் களத்தில் இந்த இருவர் பெயரும்தான் புழங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். வென்னர் முறையில் கம்பிகளுக்கு நடுவே 10 மீட்டர். 50 மில்லி ஆம்பியர் விட்டோம், 40 மில்லி வோல்ட் கிடைத்தது. வகுத்தால் 0.8 ஓம். அதை இரண்டு பை, அப்புறம் 10 மீட்டர், இவற்றால் பெருக்கினால் சுமார் 50 ஓம்-மீட்டர். இதைத்தான் அந்த இடத்தின் தோற்ற மின்தடை எண் என்கிறோம். ஓம்-மீட்டர் அதன் அலகு; எண் குறையக் குறைய நிலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது என்று பொருள். "தோற்ற" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பல அடுக்குகளின் கலவையான எண் அது. எந்த ஒரு அடுக்குக்கும் சொந்தமானதல்ல. குப்பைமேட்டுப் பக்கம் போனால் இதே 10 மீட்டர் இடைவெளியில் மில்லி வோல்ட் இரண்டரைக்கு இறங்கிவிடும். கணக்கு 3 ஓம்-மீட்டர் என்று வரும். இரண்டரை மில்லி வோல்ட் என்பது பக்கத்து மின்கம்பத்தின் இரைச்சலில் காணாமல் போகிற அளவு. அதனால்தான் குப்பைமேட்டு வேலைக்குச் சின்னப் பெட்டி சரிப்படாது, மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான இடம். மணலோ பாறையோ தானாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் இடுக்குகளில் இருக்கும் தண்ணீர்தான் கடத்துகிறது, அதுவும் தண்ணீரில் கரைந்த உப்பின் புண்ணியத்தில். தண்ணீரின் மின்கடத்துத்திறனை, அதாவது ஆய்வக ரிப்போர்ட்டில் ஈ.சி. என்று போடுவார்களே, அதை எடுத்து, 10,000-ஐ அதனால் வகுத்தால் அந்தத் தண்ணீரின் மின்தடை எண் ஓம்-மீட்டரில் வந்துவிடும். ஈ.சி. சென்டிமீட்டருக்கு 600 மைக்ரோசீமென்ஸ் உள்ள நல்ல கிணற்று நீர் ஏறக்குறைய 17. கடல்நீர் 50,000 வாக்கில், அதாவது 0.2. பழைய குப்பைமேட்டிலிருந்து வடியும் கறுப்புச் சாறு 12,000 என்று வைத்துக்கொண்டால் 0.8.

இது தண்ணீரின் எண் மட்டும். மணலும் தண்ணீரும் சேர்ந்த நிலத்தின் எண் இதைவிடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் மின்சாரம் மணலைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும். எவ்வளவு பெரிது என்பதற்கு எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்த கஸ் ஆர்ச்சி 1942-இல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பங்கு இடுக்கு உள்ள சாதாரண மணலுக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆக, நல்ல தண்ணீர் நிறைந்த மணல் 80-இலிருந்து 85 ஓம்-மீட்டர் காட்டும். அதே மணலில் ஈ.சி. 3,000 உள்ள கெட்ட தண்ணீர் நிறைந்தால் 17. சுத்தமான சாறே நிறைந்தால் 4. இருபது மடங்கு வித்தியாசம். தரைக்கு மேலே நின்றுகொண்டு, ஒரு துளையும் போடாமல் இதைப் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி.

கவர்ச்சியில் மயங்குவதற்கு முன் இன்னொரு எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரமான களிமண், எந்தக் குப்பையும் படாத, தாத்தா காலத்து ஏரிக் களிமண், 3 முதல் 15 ஓம்-மீட்டர் வரை தானாகவே காட்டும். களித்துகள்களின் மேற்பரப்பிலேயே மின்னேற்றம் ஒட்டிக்கொண்டிருப்பதால், தண்ணீரில் உப்பு இல்லாவிட்டாலும் அது கடத்தும்.

நான் ஏமாந்தது இங்கேதான். வட மாவட்டத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஏரியின் வால் பகுதியில் குப்பை. ஐந்து மீட்டருக்கு ஒன்று என்று நாற்பத்தெட்டு கம்பிகள் அடித்து, பலகம்பி வயரை இழுத்து, குப்பைமேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு எடுத்தோம். கணினியில் போட்டதும் கிழக்குக் கோட்டில் இரண்டு மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் ஆழம் வரை ஒரே நீலப் பட்டை, 4 ஓம்-மீட்டர் (படத்தில் குறைந்த எண்ணுக்கு நீல நிறம்). கூடவே நின்ற உள்ளூர் ஆள் ஒருவர், "நீலம் வந்துருச்சு சார், இது போதும்" என்றார். நானும் போதும் என்றுதான் நினைத்தேன். ரிப்போர்ட்டில் அம்புக்குறிகூடப் போட்டுவிட்டேன்.

மறுநாள் கைத்துளைப்பான் கொண்டு அந்த நீலத்தின் மேல் துளை போட்டோம். இரண்டு மீட்டரில் பிசின் மாதிரிக் கறுப்புக் களி வந்தது. துளைப்பானின் அலகிலிருந்து அதைக் கத்தியால் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாடை இருந்தது, ஆனால் அது சேற்றின் வாடை. துளையில் ஒரு ராத்திரி ஊறிய தண்ணீரை மறுநாள் மொண்டு மீட்டரை விட்டால் ஈ.சி. எண்ணூறுகூட இல்லை. நீலம் முழுக்க ஏரிக் களி. அம்புக்குறியை அழித்தேன்.

மேற்குக் கோட்டில் அப்போது யாரும் கவனிக்காத ஒரு பச்சைத் திட்டு இருந்தது, 18 ஓம்-மீட்டர். நீலத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் அப்பாவி போலத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் முன்பு ஓடை ஒன்று இருந்தது என்று மாடு மேய்க்கும் பெரியவர் சொன்னார், அடியில் மணல். அதே மணல் குப்பைக்கு மேல்புறம், அதாவது நிலத்தடி நீர் குப்பையை வந்து தொடுவதற்கு முந்தைய பக்கத்தில், 80-க்கு மேல் காட்டியிருந்தது. துளை போட்டதில் தண்ணீரின் ஈ.சி. 2,800, பொட்டாசியம் தாறுமாறு. சாறு அந்தப் பழைய ஓடை மணல் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 4 என்று காட்டிய இடத்தில் சாறு இல்லை, 18 என்று காட்டிய இடத்தில் இருந்தது.

ஆகவே தனியாக ஒரு எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரே வகை மண், குப்பைக்கு மேல்புறம் எவ்வளவு, கீழ்ப்புறம் எவ்வளவு என்ற வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு. மண் வகை தெரியாமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவே முடியாது. பக்கத்தில் போர் போட்டபோது என்னென்ன மண் வந்தது என்று வண்டிக்காரரோ வீட்டுக்காரரோ சொல்கிற கதை, வண்ணப் படத்தைவிடச் சில நேரம் கூடுதலாகப் பயன்படும்.

இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிற இடம் வேண்டுமென்றால் சென்னையின் பெருங்குடியைப் பாருங்கள். 1980-களிலிருந்து தென்சென்னையின் குப்பை கொட்டப்பட்ட இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உள்ளேயே. 2022-இல் அந்தச் சதுப்பு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. பல ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. கடல் பக்கத்து உப்பும் அந்த வழியில் தலைகாட்டும். பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அடியில் மேலாகச் சதுப்புக் களி, அதன் கீழே மணல் கலந்த களி, அதற்கும் கீழே சிதைந்த சார்னோக்கைட் பாறை, கடைசியில் கெட்டிப் பாறை. (சார்னோக்கைட் என்ற பெயருக்கே சென்னைத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் நம் பரங்கிமலை–பல்லாவரம் பக்கத்துக் கல். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார்.)

இந்த இடத்தில் ஒரு மின்தடைக் கோடு எடுத்து 2 ஓம்-மீட்டர் கிடைத்தால் என்ன சொல்வீர்கள்? களி என்றும் சொல்லலாம், உவர்நீர் என்றும் சொல்லலாம், சாக்கடை என்றும் சொல்லலாம், குப்பைச் சாறு என்றும் சொல்லலாம். நாலும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது. அதோடு இன்னொரு தொல்லை: மேலே இவ்வளவு நன்றாகக் கடத்தும் அடுக்கு இருந்தால் மின்னோட்டம் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கும், கீழே இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மக்கள் போர் போட்டுத் தண்ணீர் எடுப்பதோ அடியில் இருக்கும் சிதைந்த பாறையிலிருந்து. நமக்குத் தெரிய வேண்டிய அடுக்கு அதுதான், அங்கேதான் படம் மங்கலாகிறது. பெருங்குடி மாதிரி இடத்தில் மின்தடையை மட்டும் வைத்து "மாசு இத்தனை மீட்டர் பரவியிருக்கிறது" என்று யாராவது வட்டம் போட்டுக் காட்டினால் நான் அந்த ரிப்போர்ட்டை மூடிவைத்துவிடுவேன்.

உவர்நீரா குப்பைச் சாறா என்று பிரிக்க வேதியியல்தான் கைகொடுக்கும். குளோரைடு இரண்டிலும் நிறைய இருக்கும், அதை மட்டும் பார்த்தால் போதாது. கடல்நீரில் லிட்டருக்குச் சோடியம் 10,800 மில்லிகிராம் என்றால் பொட்டாசியம் 390 வாக்கில்தான்; சோடியத்தில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. குப்பைச் சாறில் பொட்டாசியத்தின் பங்கு அதைவிட எவ்வளவோ கூடுதல், நாம் தின்று எறிவதெல்லாம் காய்கறித் தோலும் வாழையிலையும்தானே. அமோனியாவும் சாறில் கொட்டிக் கிடக்கும். அடுத்தது சல்பேட். கடல்நீரில் குளோரைடு 19,000 என்றால் சல்பேட் 2,700 இருக்கும். காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும் பழைய குப்பையின் சாறில் சல்பேட் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். ஆக, குளோரைடும் பொட்டாசியமும் அமோனியாவும் சேர்ந்து உயர்ந்து, சல்பேட் மட்டும் தாழ்ந்திருந்தால் குப்பையின் மேல் சந்தேகம் வலுக்கிறது. சதுப்புச் சேறும் சல்பேட்டைத் தின்னும் என்பதால் சல்பேட்டை மட்டும் பிடித்துக்கொண்டும் தொங்கக்கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மின்தடை எண் நன்றாக இருக்கிறது என்பதால் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆகிவிடாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் லிட்டருக்கு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிய ஆபத்து. ஆனால் அந்த அளவு, மண்ணின் மின்தடையை அசைக்கக்கூட அசைக்காது. கிருமிகளும் அப்படித்தான். பெட்ரோல், டீசல், சாயப்பட்டறைக் கரைப்பான்கள் புதிதாகச் சிந்தியிருந்தால் அவை மின்சாரத்தைக் கடத்தாதவை; எண் குறைவதற்குப் பதில் கூடக்கூடச் செய்யலாம். இந்தக் கருவி கண்டுபிடிப்பது கரைந்த உப்பை. உப்பு வந்த வழியில் மற்றவையும் வந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். முதல் வேலை சர்வே அல்ல. கையில் பிடிக்கும் ஈ.சி. மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரியில் இரவல் கேளுங்கள். குப்பையைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கிணறு, போர், அடிபம்பிலும் அளந்து, ஒரு காகிதத்தில் குறியுங்கள். போரில் மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். குழாயில் தேங்கிய தண்ணீர் பொய் சொல்லும். மஞ்சளான மூன்று போர்கள் மட்டும் உயர்ந்து, மேல்புறத்தில் இருப்பவை தாழ்ந்து இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாமே ஒரே அளவு என்றால், மஞ்சளுக்குக் காரணம் இரும்பாக இருக்கலாம். நம் ஊர்ப் போர்களில் அது சகஜம். ஆனால் ஒன்று, குப்பையிலிருந்து இறங்கும் அழுகல் நீர் மண்ணின் ஆக்சிஜனை உறிஞ்சி, மண்ணில் ஏற்கெனவே இருந்த இரும்பையே கரைத்துவிடுவதும் உண்டு. அதனால் இரும்பு என்று தெரிந்ததும் குப்பையை விடுதலை செய்துவிட வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. தரைச் சரிவை வைத்து ஊகிப்பதை விட்டுவிட்டு, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க மோட்டார் போடாமல் இருந்து, விடிகாலையில் நீர்மட்டத்தை நாடா விட்டு அளக்க வேண்டும். கிணற்றுக் கட்டையின் உயரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்பதால், சர்வேயர் ஒருவரை வைத்து மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து கணக்கிட வேண்டும். இந்த முக்கோணத்தைப் போடாமல் கம்பி அடிக்கத் தொடங்கினால், மேல்புறம் எது கீழ்ப்புறம் எது என்றே தெரியாமல் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்துத் தண்ணீர் லாரி நிரப்பினால் நிலத்தடி ஓட்டமே அவர் பக்கம் திரும்பிவிடும், அதையும் விசாரியுங்கள்.

இதற்கப்புறம் சர்வே. விலை சொன்னவர் எந்த வகை சர்வே என்று சொன்னாரா? ஒரே இடத்தில் நின்று கம்பிகளை விரித்துக்கொண்டே போகிற செங்குத்துச் சோதனை, நீரோட்டம் பார்க்கிறவர் எடுப்பது, மலிவு. ஆனால் அது அடியில் எல்லா அடுக்கும் தோசைக்கல் மாதிரி மட்டமாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். குப்பைமேட்டின் ஓரத்தில் எதுவும் மட்டமாக இல்லை. உங்களுக்கு வேண்டியது பலகம்பி வைத்து நெடுக எடுக்கும் இரு பரிமாணப் படம். மேல்புறத்தில் குப்பை தீண்டாத இடத்தில் ஒரு கோடு கண்டிப்பாக வேண்டும். பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் காசு மிச்சம் பிடிக்க விட்டுப்போவது இதுதான், இது இல்லையென்றால் மற்றவை வீண். கீழ்ப்புறத்தில் ஓட்டத்துக்குக் குறுக்காக இரண்டு கோடு, ஒன்று குப்பையை ஒட்டி, இன்னொன்று உங்கள் தெருவுக்கு முன்னால். முடிந்தால் ஓட்டத்தோடு நெடுக ஒன்று. குறைந்தது ஒரு கோடாவது, என்ன மண் வந்தது என்று தெரிந்த போர் ஒன்றின் பக்கத்தில் போக வேண்டும்.

ஆழத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. "கம்பியை நூறு மீட்டர் இந்தப் பக்கம், நூறு மீட்டர் அந்தப் பக்கம் விரித்தேன், நூறு மீட்டர் ஆழம் பார்த்துவிட்டேன்" என்பார்கள். ஷ்லம்பர்ஜே முறையில் மொத்த விரிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் அளவீட்டின் நடுப்புள்ளி, அதாவது கிடைக்கும் எண்ணில் பாதி அதற்கு மேலிருக்கும் மண்ணால், பாதி கீழிருக்கும் மண்ணால் வருவது. 200 மீட்டர் விரித்தால் 38 மீட்டர். வென்னர் முறையில் நாற்பத்தெட்டு கம்பி, ஐந்து மீட்டர் இடைவெளி என்றால் கோட்டின் நடுவில் மட்டும் 39 மீட்டர் வாக்கில், ஓரங்களுக்குப் போகப் போகப் படம் முக்கோணமாகச் சுருங்கும். ஆக உங்கள் தெருவின் போர்கள் நூறு மீட்டர் ஆழத்துக் கெட்டிப் பாறையின் வெடிப்பிலிருந்து தண்ணீர் எடுக்கின்றன என்றால் அந்த வெடிப்பைத் தரையிலிருந்து யாரும் காட்டித் தர முடியாது. நாற்பது மீட்டர் கீழே ஒரு சாண் அகல வெடிப்பு இந்தப் படத்தில் தெரியவே தெரியாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாறை நிலங்களில் சாறு இந்த வெடிப்புகள் வழியாகவே தூரம் போகும். முந்நூறு மீட்டரில் ஒரு போர் கெட்டு, நூறு மீட்டரில் இன்னொன்று நன்றாக இருப்பது இதனால்தான்.

படம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். களத்தில் கிடைப்பது வண்ணப் படமல்ல, நூற்றுக்கணக்கான தோற்ற எண்கள். இப்படி ஒரு நிலம் இருந்தால் இந்த எண்கள் வருமா என்று கணினி திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து ஒரு நிலத்தைக் கற்பனை செய்கிறது. மலேசியாவின் மெங் ஹெங் லோக் எழுதிய மென்பொருள்தான் இதற்கு உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் ஒரே எண்களுக்குப் பல நிலங்கள் பொருந்தும். 2 மீட்டர் தடிமனில் 4 ஓம்-மீட்டர் அடுக்கு ஒன்றும், 4 மீட்டர் தடிமனில் 8 ஓம்-மீட்டர் அடுக்கு ஒன்றும் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம், படத்தின் அடியில் ஒரு பிழைச் சதவீதம் போட்டிருப்பார்கள். ஐந்துக்குள் என்றால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். குறைவாக இருந்தால் படம் உண்மை என்று பொருளல்ல, எண்களோடு ஒத்துப்போகிறது என்று மட்டும்தான் பொருள்.

குப்பையின் மேலேயே கோடு எடுக்க வேண்டுமா? அவசியமில்லை. ஆசைப்பட்டால் எடுக்கலாம், படாத பாடு படுவீர்கள். கம்பி இறங்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக் பை. உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் மின்னோட்டம் போகாது. புகை, நாய், கண்ணாடித் துண்டு. வயரில் பல நூறு வோல்ட் ஓடும், பழைய பொருள் பொறுக்குகிறவர்கள் நடமாடுகிற இடம், மாடு மேயும், ஆள் நிறுத்திக் காவல் காக்காமல் பட்டனைத் தட்டக்கூடாது. அப்புறம் சூடு. அழுகும் குப்பை உள்ளே ஐம்பது டிகிரிகூட இருக்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் இரண்டு சதவீதம் கடத்தும் திறன் கூடும். வெளியில் 28 என்றால் சூட்டினால் மட்டுமே நாற்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும், உப்பு ஒரு துளி கூடாமலேயே. இரும்புக் கம்பிவேலியை ஒட்டியும் கோடு போடக்கூடாது. மின்சாரம் மண்ணை விட்டுவிட்டு வேலி வழியாக ஓடிவிடும். புதை குழாய், மின்மாற்றியின் எர்த் எல்லாம் அதே ரகம்.

வசதி இருந்தால், அதே கருவியில் தூண்டு முனைவாக்கம் என்று இன்னொரு அளவையும் எடுக்கச் சொல்லுங்கள், களத்தில் ஐ.பி. என்பார்கள். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகு மண்ணில் மின்னழுத்தம் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது. உப்புநீர் நிறைந்த மணல் உடனே விட்டுவிடும். களிமண்ணும், உலோகமும் மக்கிய பொருளும் கலந்த குப்பையும் கொஞ்சம் பிடித்துவைத்து மெல்ல விடும். மின்தடை குறைவு, ஐ.பி.யும் குறைவு என்றால் கெட்ட தண்ணீரின் மேல் சந்தேகம் கூடும். என் பழைய நீலப் பட்டையில் இதை எடுத்திருந்தால் அம்புக்குறி போட்டிருக்க மாட்டேன்.

பருவம் பார்த்து எடுப்பதும் முக்கியம். ஒரே கோட்டை, ஆணி அடித்து அடையாளம் வைத்து, மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து சனவரியில் ஒருமுறை எடுங்கள். மண் வகை இரண்டு தடவையும் ஒன்றுதான், களி களியாகவே இருக்கும். மாறியது தண்ணீர் மட்டும் என்பதால் இரண்டு படத்தின் வித்தியாசம் ஒற்றைப் படத்தைவிட நம்பத்தக்கது. மழை பெய்து குப்பை ஊறி, சாறு இறங்கிய பாதையில் மட்டும் எண் விழுந்திருக்கும். மற்ற இடங்களில் நல்ல தண்ணீர் சேர்ந்து எண் ஏறக்கூடச் செய்யலாம்.

அப்புறம் அதிகாரிகளிடம் போகும்போது கையில் என்ன வேண்டும்? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பிடம் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், தொடங்கும் முன்பே நிலத்தடி நீரின் தரத்தை அளந்துவைக்க வேண்டும் என்றும், எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றும் வகுத்தன. அந்தத் தொடக்க அளவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இருந்தால் அது உங்கள் மேல்புறக் கோட்டைவிட உயர்ந்த ஆதாரம். இல்லையென்று எழுத்தில் பதில் வந்தால், அதுவும் கோப்பில் இருக்கட்டும். மின்தடைப் படத்தை அதிகாரி மேசையில் வைத்தால் "இது என்ன, கலர் பேப்பரா" என்பார். அந்தப் படம் காட்டிய இடத்தில் போட்ட துளையின் தண்ணீரை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதித்துக் கையெழுத்திட்ட தாள்தான் பேசும். குடிநீர்த் தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை. கரைந்த மொத்த உப்பு 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000. உங்கள் தாளில் இவற்றோடு பொட்டாசியம், அமோனியா, சல்பேட், நைட்ரேட், இரும்பு, ஈயம் எல்லாம் இருக்கும்படி கேளுங்கள். சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

விலை சொன்னவரிடம் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். மேல்புறத்தில் ஒரு கோடு உண்டா, களத்து எண்களைப் படத்தோடு சேர்த்துத் தருவாரா, சந்தேகப்படும் இடத்தில் கைத்துளை போட்டுச் சரிபார்ப்பது விலையில் அடங்குமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் வேலையைக் கொடுக்கலாம். முதல் கேள்விக்கே "அதெல்லாம் எதுக்குங்க" என்றால் ஈ.சி. மீட்டரோடு நீங்களே சுற்றி வருவது மேல்.

கிணறுகளின் ஈ.சி. எண்களும் மூன்று நீர்மட்டமும் கிடைத்ததும், குப்பை, ஏரி, தெரு மூன்றையும் குறித்த ஒரு கைவரைபடத்தோடு எழுதுங்கள். பழைய ஓடை ஏதாவது இருந்ததா என்று மாடு மேய்க்கிறவர்களிடம் கேட்டு அதையும் குறியுங்கள். கோடுகளை எங்கே போடலாம் என்று அதில் வரைந்து அனுப்புகிறேன்.